சி.டி.எல்.ஏ-4: துண்டுக்குள் நுழையும் இன்னொரு கை

கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு 19 வயது. 11 வயதில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள் வந்தன. அப்புறம் கழுத்தில் நெறி கட்டியது, மண்ணீரல் வீங்கியது, வயிற்றுப்போக்கு மாதக்கணக்கில் நிற்கவில்லை, வருடத்திற்கு இரண்டு முறை நெஞ்சுச்சளி நிமோனியாவாக மாறியது. காசநோய் என்று ஒரு முறை மருந்து கொடுத்தார்கள், பலனில்லை. இந்த வருடம் மரபணுச் சோதனை செய்ததில் சி.டி.எல்.ஏ-4 என்ற ஜீனில் ஒரு பிரதி பழுது என்று வந்திருக்கிறது. அக்காவுக்கும் அதே பழுது இருக்கிறது, ஆனால் அவருக்கு ஒரு நோயும் இல்லை. மாமாவுக்குப் பழுது இல்லை. அவர் கேட்பவை நான்கு: அக்காவும் மாமாவும் சொந்தம், அதனால்தான் இது வந்ததா? அக்கா மகளைத் தன் மகனுக்குக் கட்டலாம் என்று பேச்சு இருக்கிறது, கட்டலாமா? இதே சி.டி.எல்.ஏ-4-ஐத் தடுத்துப் புற்றுநோயைக் குணப்படுத்தியவருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்கிறார்களே, அப்படியானால் இது குறைந்திருப்பது நல்லதுதானே? எதிர்ப்புச் சக்திக்கு ஒரு கஷாயம் கொடுத்துவருகிறோம், தொடரலாமா?

அண்ணா, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தத்தில் கட்டியதால் இது வரவில்லை. கல்யாணப் பேச்சை, நீங்கள் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து முடிவு வரும்வரை நிறுத்திவையுங்கள். கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். நோபல் பரிசு பற்றிய கேள்விக்கு மட்டும் நீண்ட பதில் வேண்டும். அதைப் புரிந்துகொண்டால் மற்ற மூன்றும் தாமாகவே புரிந்துவிடும். நான் மருத்துவர் அல்ல. கோயம்புத்தூரில் நோய் எதிர்ப்பு அணுக்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரில் 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல்லை எல்லாரும் ஒரே மாதிரிதான் பயன்படுத்துகிறோம்: ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. மஞ்சள் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று தெரியும். தண்ணீர் இல்லாவிட்டால் மஞ்சள் காய்ந்துவிடும். பாத்தியில் தேங்கி நின்றால் கிழங்கு அழுகிவிடும். எதிர்ப்புச் சக்தியும் அப்படித்தான். உங்கள் மருமகனுக்கு அது குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் அவனுடைய டி செல்கள், அதாவது கிருமியைத் தாக்குகிற ஒரு வகை வெள்ளை அணுக்கள், அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடக்குகிற ஆள்தான் பாதியாகிவிட்டார். அந்த ஆளின் பெயர்தான் சி.டி.எல்.ஏ-4.

அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டைப் பார்த்தாயிற்று, பல்லைப் பார்த்தாயிற்று. அதோடு வியாபாரம் முடிந்துவிடாது. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு இருவரும் விரலைப் பிடித்துப் பேசினால்தான் விலை படியும். டி செல் வேலை செய்வதும் இப்படித்தான். கிருமியின் சிறு பகுதி ஒன்றை இன்னொரு செல் எடுத்து வந்து டி செல்லிடம் காட்டுகிறது. அது மாட்டைக் காட்டுவது மாதிரி. அதைப் பார்த்த மாத்திரத்தில் டி செல் பாய்ந்துவிடாது. காட்டுகிற செல்லின் மேல் சி.டி.80, சி.டி.86 என்று இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. டி செல்லின் மேலிருக்கும் சி.டி.28 என்ற புரதம் அவற்றைப் பிடிக்க வேண்டும். இந்தக் கைப்பிடி நடந்தால்தான் டி செல் பெருகும், தாக்கும். நம் சொந்த உடம்பின் சிறு பகுதிகளும் நாள்தோறும் டி செல்களுக்குக் காட்டப்படுகின்றன. அதனால் இந்த இரண்டாவது சம்மதம் ஒரு பெரிய பாதுகாப்பு.

இப்போது சி.டி.எல்.ஏ-4. அந்த ஜீனிலிருந்து உண்டாகும் புரதத்துக்கும் இதே பெயர்தான். இதுவும் டி செல்லின் மேல்தான் வருகிறது, அதே சி.டி.80, சி.டி.86 ஆகியவற்றைத்தான் பிடிக்கிறது. ஆனால் சி.டி.28-ஐ விடப் பத்து மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும். அதே துண்டுக்குள் இன்னொரு கை நுழைந்து, விற்பவரின் விரல்களை முழுசாக வளைத்துக்கொண்டால் முதல் கைக்குப் பிடிக்க விரலே இருக்காது அல்லவா? வியாபாரம் படியாது. 2011இல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்க் காட்டினார்கள். சி.டி.எல்.ஏ-4 வெறுமனே பிடித்து மறைப்பதோடு நிற்பதில்லை; எதிரே இருக்கும் செல்லின் மேலிருந்து சி.டி.80, சி.டி.86 புரதங்களைப் பிய்த்துத் தன் செல்லுக்குள் இழுத்துச் சிதைத்துவிடுகிறது. சந்தை உவமை இதற்கு மேல் பொருந்தாது. ஆனால் விளைவு தெளிவு: அடுத்து வரும் டி செல்லுக்கும் அங்கே பிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

சாதாரண டி செல்களில் இந்தப் புரதம் அவை கிளர்ந்தெழுந்த பிறகுதான் தோன்றும். இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்கு வரும். கிருமியை அடித்து முடிக்கும் நேரத்தில் 'போதும்' என்று சொல்ல வருகிற ஏற்பாடு அது. ஆனால் கட்டுப்படுத்தும் டி செல்கள் என்று ஒரு தனி வகை உண்டு. அவற்றில் சி.டி.எல்.ஏ-4 எப்போதும் நிறைந்திருக்கும். ஊரில் சண்டை வந்தால் நடுவே போய் நிற்கிற பெரியவர்கள் மாதிரி அவை உடம்பெங்கும் சுற்றி மற்ற டி செல்களை அடக்குகின்றன. இந்த வகைச் செல்களைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் 2025இல் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

இந்தப் புரதத்தை 1987இல் பிரான்சில் பியர் கோல்ஸ்டைனின் குழுவினர் கண்டெடுத்தபோது அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. முடுக்குகிற புரதம் என்று சிலர், அடக்குகிற புரதம் என்று சிலர். 1995இல் சந்தேகம் தீர்ந்தது. அந்த ஜீனையே எடுத்துவிட்ட எலிக்குட்டிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி இதயத்துக்குள்ளும் கணையத்துக்குள்ளும் புகுந்தன. மூன்று நான்கு வாரங்களில் குட்டிகள் இறந்தன. இந்த எலிகளை மறந்துவிடாதீர்கள். உங்கள் கல்யாணக் கேள்விக்கு இதைத் திரும்பவும் எடுக்கப் போகிறேன்.

மனிதர்களில் ஒரு பிரதி மட்டும் பழுதானால் என்ன ஆகும் என்பது 2014இல்தான் தெரியவந்தது. ஒவ்வொரு ஜீனும் நமக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக வருகிறது. பெரும்பாலான ஜீன்களில் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். இரண்டாவது குரோமோசோமில் இருக்கும் இந்த ஜீனுக்கு அந்தச் சலுகை இல்லை. பாதி அளவுப் புரதம் போதுவதில்லை. ரிப்போர்ட்டில் 'ஹெட்டிரோசைகஸ்' என்று எழுதியிருக்கும். ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் என்பதுதான் அதன் பொருள். அதைப் பார்த்து 'ஒன்று நன்றாக இருக்கிறதே' என்று ஆறுதல் அடைவதற்கில்லை.

உங்கள் மருமகனுக்கு வந்தவை அத்தனையும் இந்த நோயின் பட்டியலில் இருக்கின்றன. அடங்காத டி செல்கள் எலும்பு மஜ்ஜை, குடல், நுரையீரல், சில பேருக்கு மூளை என்று போய்த் தங்குகின்றன. நெறி கட்டுவதும் மண்ணீரல் வீங்குவதும் அவற்றின் பெருக்கம்தான். கிளர்ந்த எதிர்ப்புச் சக்தி தன் தட்டணுக்களையே அழிக்கிறது. வயிற்றுப்போக்கு, குடலைத் தன் செல்களே தாக்குவதால் வருவது. அப்படியானால் நிமோனியா ஏன் அடிக்கடி வருகிறது என்று கேட்பீர்கள். எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும் பி செல்கள் இந்த நோயில் நாளடைவில் குறைந்துபோகின்றன. இம்யூனோகுளோபுலின் என்ற அந்த எதிர்ப்புப் புரதங்களின் அளவு இறங்குகிறது. ஒரு பக்கம் தேவையில்லாத சண்டை, மறு பக்கம் உண்மையான எதிரி வரும்போது ஆயுதம் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால்தான் கண்டுபிடிக்க இத்தனை வருடங்கள் ஆகின்றன. தட்டணுவுக்கு ஒரு மருத்துவர், குடலுக்கு ஒரு மருத்துவர், நுரையீரலுக்கு ஒரு மருத்துவர் என்று எட்டு வருடங்கள் அலைந்திருக்கிறீர்கள். தட்டணுக் குறைவும் தீராத வயிற்றுப்போக்கும் திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச்சளியும் ஒரே பிள்ளைக்கு இருந்தால் மூன்றுக்கும் ஒரே வேர் இருக்குமா என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அதைச் செய்த அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லுங்கள்.

அக்காவுக்கு ஏன் ஒன்றும் இல்லை? இந்தப் பழுது இருக்கும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பில், பழுதுள்ள 133 பேரில் 90 பேர் நோயாளிகள். மீதிப் பேர் நன்றாக இருந்தார்கள். நோய் தொடங்கிய வயதின் நடுமதிப்பு 11, உங்கள் மருமகனுக்குத் தொடங்கிய அதே வயது. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் தொடங்கியவர்களும் உண்டு. அதனால் அக்கா நன்றாக இருக்கிறார் என்பதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. வருடத்திற்கு ஒரு முறை ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இம்யூனோகுளோபுலின் அளவு, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் அப்பா 54 வயதில் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார் என்று கேள்வியின் கடைசியில், சம்பந்தமில்லாதது போல, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமான வரியாகப் பட்டது. இந்தப் பழுதுள்ளவர்களிடம் நிணநீர்ப் புற்றுநோயும் இரைப்பைப் புற்றுநோயும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. உங்கள் அப்பாவுக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. இரைப்பைப் புற்றுநோய்க்கு வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அக்காவுக்கு இந்தப் பழுது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் வந்திருக்க வேண்டும். புதிதாக அக்காவிடமே தோன்றியிருப்பதும் உண்டு, ஆனால் அதை ஊகித்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் உங்களுக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மருமகனுக்காகக் கேட்டீர்கள் அண்ணா. நான் உங்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கேள்வியில் அக்காவும் மாமாவும் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்கள் என்று தெரியும். அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: மாமாவிடம் பழுது இல்லை, அக்காவிடமிருந்து வந்த ஒரே பிரதி போதும் நோய் வர. அக்கா முன்பின் தெரியாத ஊரில் யாரையோ கட்டியிருந்தாலும் பிள்ளைக்கு இதே வாய்ப்புதான், இரண்டில் ஒன்று.

குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், இதன் கூடப் பிறந்தது போன்ற இன்னொரு நோய் இருக்கிறது. சி.டி.எல்.ஏ-4-இன் பெரும்பகுதி எந்த நேரமும் செல்லின் மேல் இருப்பதில்லை, உள்ளே சிறு பைகளில் கிடக்கிறது. வேண்டும்போது மேலே வரும், உடனே உள்ளே போகும். உள்ளே போனது சிதைக்கப்படாமல் திரும்பவும் மேலே வர எல்.ஆர்.பி.ஏ என்ற புரதம் காவல் இருக்கிறது. அது இல்லாவிட்டால் சி.டி.எல்.ஏ-4 ஜீன் நன்றாக இருந்தாலும் புரதம் மிஞ்சாது. நோய்க்குறிகள் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும், பல பிள்ளைகளுக்கு இன்னும் சிறு வயதிலேயே தொடங்கும். எல்.ஆர்.பி.ஏ நோய் வர இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டும். ஒரே பாட்டன் வழியில் வந்த பழுது அப்பா, அம்மா இருவரிடமும் ஒளிந்திருந்து பிள்ளையிடம் சேரும். அந்த நோய்க்குச் சொந்தத் திருமணம் உண்மையிலேயே வழி விடுகிறது. உங்கள் வீட்டில் இருப்பது அது அல்ல.

ஆனால் உங்கள் மகனுக்கு அக்கா மகளைக் கட்டுவது வேறு கணக்கு. பெண்ணுக்கு 23 வயது, இன்னும் பரிசோதனை செய்யவில்லை என்கிறீர்கள். அவளுக்குப் பழுது இருக்க இரண்டில் ஒரு பங்கு. உங்களிடம் இருந்தால் உங்கள் மகனிடமும் இருக்க இரண்டில் ஒரு பங்கு. இருவரிடமும் இருந்து கல்யாணமும் நடந்தால், பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு பிரதிகளும் பழுதாகிவிட நாலில் ஒரு வாய்ப்பு. மூன்று நான்கு வாரத்தில் இறந்த எலிக்குட்டிகளைச் சொன்னேனே, அவற்றின் நிலை அதுதான். முறைமாப்பிள்ளை, முறைப்பெண் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்த உறவை வெட்டச் சொல்லவில்லை. உங்கள் பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டால், உங்கள் மனைவி சொந்தமில்லாத குடும்பம் என்பதால், மகன் வழியில் இந்தப் பயம் தீர்ந்தது. அப்போதும் அந்தப் பெண்ணின் பக்கம் இருக்கும் இரண்டில் ஒன்று அப்படியேதான் இருக்கும். அவள் பரிசோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவளை உட்கார வைத்து முழுதும் சொல்லுங்கள். மாப்பிள்ளை வேறு வீடாக இருந்தாலும் மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள். பிறகு ஒரு பிள்ளை இப்படி எட்டு வருடம் அலைந்தால் அந்த மறைப்பை யார் மன்னிப்பார்கள்?

இனி நோபல் பரிசு. 1996இல் ஜேம்ஸ் அல்லிசனும் அவருடைய குழுவினரும் புற்றுநோய் வந்த எலிகளுக்கு சி.டி.எல்.ஏ-4-ஐ அடைத்துவிடும் ஒரு எதிர்ப்புப் புரதத்தை ஊசி போட்டார்கள்; கட்டிகள் கரைந்தன. அடக்குகிற கையைக் கட்டிவிட்டால் டி செல்கள் புற்றுநோயைத் தாக்கும் என்பது அவருடைய எண்ணம். அதிலிருந்து வந்த இபிலிமுமாப் என்ற மருந்தை, பரவிவிட்ட மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு, 2011இல் அமெரிக்கா அனுமதித்தது. அதுவரை அந்த நோயாளிகளின் வாழ்நாளை நீட்டியதாக நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை. இதைப் பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூன்று ஆண்டுகளைத் தாண்டினார். 2018இல் அல்லிசனுக்கும், பி.டி-1 என்ற இன்னொரு தடைப் புரதத்தை ஆராய்ந்த தசுகு ஹோஞ்சோவுக்கும் நோபல் கிடைத்தது.

ஆனால் அந்த மருந்தின் பக்கவிளைவுகளைப் பாருங்கள்: குடல் புண்ணாகி வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, கல்லீரல் அழற்சி, தைராய்டு கெடுதல், பிட்யூட்டரி சுரப்பி வீங்குதல். அந்த வயிற்றுப்போக்கு உங்கள் மருமகன் படும் அதே பாடுதான். அவர்களுக்கு மருந்து கொஞ்ச காலத்துக்குச் செய்வதை அவனுக்குப் பிறப்பு ஆயுள் முழுதும் செய்கிறது. உயிரைக் குடிக்கும் புற்றுநோய் எதிரே நிற்கும்போது, மருத்துவர்கள் கண்காணிக்க, அந்த விலையைக் கொடுக்கலாம். சும்மா இருக்கும் உடம்புக்கு அது நல்லதாகாது.

இதே புரதத்தை எதிர்த் திசையிலும் மருந்தாக்கியிருக்கிறார்கள். உங்கள் மருமகனுக்கு உதவக்கூடியது இதுதான். சி.டி.எல்.ஏ-4-இன் வெளிப்பகுதியை மட்டும் எடுத்து, ரத்தத்தில் நெடுநாள் தங்க ஒரு எதிர்ப்புப் புரதத்தின் வாலோடு இணைத்துச் செய்தது அபாடசெப்ட். மூட்டுவாதத்துக்கு 2005இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிள்ளையிடம் பாதியாக இருக்கும் அதே கையை வெளியிலிருந்து கொடுக்கிற மருந்து. எல்.ஆர்.பி.ஏ குறைந்த பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்து நல்ல பலன் கண்டதை 2015இல் எழுதினார்கள், சி.டி.எல்.ஏ-4 குறைந்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள். நரம்பு வழியாக மாதம் ஒரு முறை, அல்லது தோலுக்கடியில் வாரம் ஒரு முறை போடுவார்கள். தொடங்கும் முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே காசநோய் மருந்து கொடுத்த கதை இருப்பதால் அந்தக் காகிதங்களை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். சிலருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சிரோலிமஸ் மாத்திரை, இம்யூனோகுளோபுலின் குறைந்தவர்களுக்கு அதை ஏற்றுதல், மருந்துக்கு அடங்காதவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று என்று மற்ற வழிகளும் உண்டு. அவனுக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மனைவிக்குத் தைராய்டு இருப்பதைச் சொல்லி, அவருடைய ரிப்போர்ட்டிலும் சி.டி.எல்.ஏ-4 என்று இருக்கிறது, அவருக்கும் இதுவா என்று பயந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். இந்த ஜீனில் ஊரில் பலரிடமும் இருக்கும் சாதாரண எழுத்து வேறுபாடுகள் சில உண்டு. கிரேவ்ஸ் தைராய்டு நோய்க்கும் முதல் வகைச் சர்க்கரைக்கும் அவை வாய்ப்பைச் சற்றே கூட்டுகின்றன என்று 2003இல் கண்டார்கள். சற்றே மட்டும்தான். அந்த வேறுபாடு உள்ள மிகப் பெரும்பாலானவர்களுக்கு அந்த நோய்கள் வருவதே இல்லை. அக்கா குடும்பத்தில் இருப்பது ஒரு பிரதியையே உடைத்துவிடும் அரிய பழுது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

கஷாயத்துக்கு வருகிறேன். என்ன மூலிகை என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், ஏற்கெனவே அடங்காத டி செல்களைத் தூண்டுவதற்காகவே ஒன்றைக் கொடுப்பது சரியில்லை. அதில் ஒன்றுமே இல்லையென்றாலும், இவன் எடுக்கும் மருந்துகளோடு எது சேரும் எது சேராது என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுத்தவர் அன்பாகத்தான் கொடுத்தார், இருந்தாலும் நிறுத்துங்கள். தடுப்பூசி எது போடுவதானாலும் இந்த நோயைச் சொல்லி, அது உயிருள்ள கிருமியால் செய்ததா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். காய்ச்சல் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.

உங்கள் பரிசோதனைக்கு ஜீன் முழுவதையும் படிக்கச் சொல்லிப் பெரிய தொகை கட்ட வேண்டியதில்லை. மருமகனின் ரிப்போர்ட் நகலைக் கையில் எடுத்துச் சென்று, அதில் குறித்திருக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லுங்கள். செலவு வெகுவாகக் குறையும். முதலில் நீங்கள். இருக்கிறது என்று வந்தால் அடுத்து உங்கள் மகன். அம்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் செய்தால் பழுது எந்த வழியில் வந்தது என்று தெரியும். அம்மாவிடம் இல்லையென்றால் அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் பிள்ளைகளுக்கும், இருந்தால் உங்கள் தாய்மாமன்கள் வீட்டுக்கும் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். அந்த வீடுகளில் எங்காவது தட்டணு குறைந்த ஒரு பிள்ளை, காரணம் தெரியாமல் ஒவ்வொரு மருத்துவராகப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.